சில நொடிகள் ஆடி நின்றுவிடும் குழந்தை ஊஞ்சல்: போர்டைக் கைவிடும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அக்கா, தன் மகனுக்குப் பயன்படுத்திய மோட்டார் ஊஞ்சலை உங்கள் நான்கு மாதக் குழந்தைக்காக அனுப்பியிருக்கிறார். மடிப்பாக்கத்தில் உங்கள் வீட்டில் சில வாரங்கள் நன்றாக ஆடிய ஊஞ்சல், இப்போது பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து, பாட்டும் வந்து, சில நொடிகள் மட்டும் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது; பாட்டு மட்டும் நிற்பதில்லை. அருகிலுள்ள கடையில் காட்டியபோது, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டு போய்விட்டது, அந்தப் போர்டு இங்கே கிடைக்காது, வேண்டுமானால் போர்டை விட்டுவிட்டு மோட்டாரை டைரக்ட் பண்ணித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குச் சம்மதிக்கலாமா, போர்டையே சரிசெய்ய வழி உண்டா என்பது உங்கள் கேள்வி. அத்துடன், உங்கள் மாமியார் வீட்டில் ஆடாமல் கிடக்கும் தூளி மோட்டாரையும் இதேபோல் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டைரக்ட் பண்ணுவதற்குச் சம்மதிக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். விளக்கும் பாட்டும் வருவதால் போர்டின் மூளையாகிய கண்ட்ரோலர் ஐசி உயிரோடுதான் இருக்கிறது. பழுது பெரும்பாலும் அதற்கு முன்னாலோ, அதாவது மின்சாரம் வரும் வழியிலோ, அல்லது பின்னாலோ, அதாவது மோட்டார், சென்சார் ஆகியவற்றின் பக்கத்திலோ இருக்கும். இவை பெரும்பாலும் மலிவான உதிரி உறுப்புகளால் சரியாகக் கூடியவை.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஊஞ்சலின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் அது திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் மாமாரூ ஊஞ்சல்கள் 20 இலட்சத்துக்கும் மேல் இப்படி அறிவிக்கப்பட்டன. இருக்கையின் பட்டை கீழே தொங்கி, தவழும் குழந்தையின் கழுத்தில் சிக்கும் அபாயம் இருந்தது. 2024 அக்டோபரில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் ஸ்னூகா ஊஞ்சல்களும் 20 இலட்சத்துக்கும் மேல் பட்டியலில் சேர்ந்தன. குழந்தைகளை அதில் தூங்கவிட்டபோது நேர்ந்த மரணங்கள் அதற்குக் காரணம். ஒரு நாட்டில் விற்ற பொருள் இன்னொரு நாட்டுக்குக் கைமாறிப் போகும்போது இந்த அறிவிப்புகள் கூடவே வருவதில்லை என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். உங்கள் மாடல் பட்டியலில் இருந்தால், அறிவிப்பில் சொன்ன மாற்றத்தைச் செய்யாமல் மின்பகுதியை மட்டும் சரிசெய்வதில் பொருளில்லை.

இனி, இந்த ஊஞ்சல் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். அது விளங்கினால் பழுதைத் தேடும் வேலை பாதியாகக் குறையும். இருக்கையும் அதைத் தாங்கும் கையும் சேர்ந்து ஓர் ஊசல். தொங்கும் நீளம் 60 சென்டிமீட்டர் என்றால், ஒரு முறை போய்வர ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். இதை நீளமும் புவியீர்ப்பும் தீர்மானிக்கின்றனவே தவிர மோட்டார் அல்ல. ஒவ்வொரு வீச்சிலும் உராய்வால் குறைகிற சிறிதளவு ஆற்றலைச் சரியான நேரத்தில் ஈடுகட்டுவது மட்டுமே மோட்டாரின் வேலை. அதனால்தான் 6 வோல்ட்டில் ஓடும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு மோட்டாரால் 10 கிலோ குழந்தையைக்கூட ஆட்ட முடிகிறது. மோட்டார் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. பல்சக்கரம் ஒரு ஸ்பிரிங் வழியாகக் கையைத் தள்ளுகிறது. சில மாடல்களில் மோட்டாருக்குப் பதிலாக ஒரு கம்பிச்சுருளும் காந்தமும் இருக்கும். அங்கும் தத்துவம் இதுவே.

கை எவ்வளவு தூரம் வீசுகிறது என்று போர்டுக்குத் தெரிய வேண்டும். அதற்காகக் கையின் அச்சோடோ மோட்டாரின் தண்டோடோ துளைகள் வெட்டிய ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டு சுழலும். அது யு வடிவக் கறுப்புச் சென்சார் ஒன்றின் நடுவே நுழைந்து போகும். சென்சாரின் ஒரு கையில் அகச்சிவப்பு எல்இடி, மறு கையில் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். துளை வரும்போது ஒளி கடக்கிறது, தட்டு வரும்போது மறைகிறது. இந்தத் துடிப்புகளைப் பார்த்துத்தான் ஐசி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும், நீங்கள் தேர்ந்தெடுத்த வேகத்துக்கு உரிய வீச்சை நிலைநிறுத்துகிறது. துடிப்பே வரவில்லை என்றால், ஏதோ சிக்கி ஊஞ்சல் நின்றுவிட்டது என்று முடிவு செய்து மோட்டாரை அணைத்துவிடுகிறது. அது பழுதல்ல, பாதுகாப்பு.

ஆகவே உங்கள் ஊஞ்சல் நிற்கும் அந்த ஒரு நொடியைக் கூர்ந்து கவனிப்பதே முதல் சோதனை. குழந்தையை அமர்த்தாமல், வெறும் இருக்கையோடு ஓடவிட்டுப் பாருங்கள். நிற்கும் நேரத்தில் விளக்கு மங்கி, பாட்டு தடுமாறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால், மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைத் தரமுடியாமல் வோல்டேஜ் சரிந்து ஐசி புதிதாகத் தொடங்குகிறது என்று பொருள்; பழுது அடாப்டரிலோ அது வரும் வழியிலோ இருக்கிறது. விளக்கும் பாட்டும் துளியும் அசையாமல் தொடர, மோட்டார் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே கால அளவில் நின்றால், சென்சாரைச் சந்தேகியுங்கள். மோட்டார் முனகி, கை சரியாக நகராமல், சற்று நேரத்தில் அந்தப் பகுதி சூடானால், பல்சக்கரமோ மோட்டாரோதான் காரணம். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் போர்டு போய்விட்டது என்று சொல்வது சோதனையே செய்யாமல் தீர்ப்பளிப்பதாகும்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். அடாப்டரின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் நம் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அதை நேரடியாக நம் பிளக்கில் செருகியிருந்தால் அன்றே எரிந்திருக்கும். சில வாரங்கள் ஓடியிருப்பதால் உங்களுடையது முதல் வகையாக இருக்கலாம், அல்லது இடையில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பீர்கள். எதுவானாலும், அடாப்டரைக் கழற்றிவிட்டு செல் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் மிகச் சுருக்கமான வழி. பெரும்பாலான மாடல்கள் நான்கு செல்களில், அதாவது 6 வோல்ட்டில் ஓடும். டி அளவு என்பது நம் பழைய பெரிய டார்ச் செல்தான். சி அளவு இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பதால், நான்கு ஏஏ அல்கலைன் செல்களை ஒரு ஹோல்டரில் போட்டு, உரிய முனைகளில் இணைத்தாலும் சோதனைக்குப் போதும். செல்லில் நன்றாக ஆடினால் போர்டும் மோட்டாரும் குற்றமற்றவை.

மல்டிமீட்டரை வைத்து அடாப்டரைப் பார்க்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எதையும் இணைக்காமல் அளந்தால், பழுதான அடாப்டரும் 6 வோல்ட் காட்டும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வெப்பத்தில் உலர்ந்துபோயிருந்தால், மின்சாரம் இழுக்கும்போதுதான் அதன் பலவீனம் தெரியும். 10 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை அடாப்டரின் இரு முனைகளுக்கிடையே சில நொடிகள் இணைத்து, அதே நேரத்தில் வோல்டேஜை அளந்து பாருங்கள். 6 வோல்ட்டில் அது 0.6 ஆம்பியர் இழுக்கும். 1 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் அடாப்டர் அதற்குச் சற்றும் அசையக்கூடாது. 5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அடாப்டரை மாற்றிவிடுங்கள். மின்தடை சூடாகும், விரலால் பிடிக்க வேண்டாம். புதியது வாங்கும்போது வோல்டேஜ் அதே அளவாகவும், ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ, பின்னின் நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்ற குறி பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு எண் அச்சிடாத அடாப்டரைக் குழந்தையின் அருகில் வைக்கும் பொருளுக்கு வாங்காதீர்கள். விலையில் மிச்சமாகும் நூறு ரூபாய்க்காக 230 வோல்ட்டைத் தடுக்கும் காப்பில் சமரசம் செய்யக்கூடாது.

அடாப்டர் சரியாக இருந்தும் விளக்கு மங்கினால், அடாப்டர் பின் செருகும் ஜாக்கைப் பாருங்கள். ஒயரை இழுத்து இழுத்து, ஜாக்கின் கால்கள் போர்டில் பற்றியிருக்கும் சால்டர் விரிசல் விட்டிருக்கும். சாதாரணப் பார்வைக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, போர்டைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினால், காலைச் சுற்றி முடி அளவுக்கு மெல்லிய கருவளையம் தெரியும். ஜாக்கை விரலால் அசைத்தால் அந்த வளையத்துக்குள் கால் தனியே ஆடும். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பற்ற உதவும் பசை) வைத்துச் சால்டர் செய்தால் வேலை முடிந்தது. வெளியிலிருந்து வந்த ஊஞ்சல்களில், போர்டு போய்விட்டது என்று கைவிடப்பட்டவற்றுள் கணிசமானவை இந்த ஒரு விரிசலால் நின்றவையே. செல் வைக்கும் பெட்டியில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால், அது அல்கலைன் செல்லிலிருந்து கசிந்த காரப்பொருள். பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள்.

நீங்கள் விவரித்திருப்பது எனக்கு இரண்டாவது வகையாகவே தோன்றுகிறது, ஏனென்றால் பாட்டு நிற்பதில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் பெட்டியைத் திறந்தவுடன் அந்தத் துளைத் தட்டையும் யு வடிவச் சென்சாரையும் தேடுங்கள். குழந்தை இருக்கும் நம் வீடுகளில் காற்றில் பவுடர் பறக்கும், போர்வைப் பஞ்சு பறக்கும், குளிப்பாட்டி முடித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவோம். சாம்பிராணி பிசின் ஆகையால் அதன் புகை படியும் இடத்தில் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய படலம் உருவாகிறது. பவுடரும் பஞ்சும் அதில் பிடித்துக்கொள்கின்றன. சென்சாரின் இரு கைகளுக்கு நடுவே உள்ள அந்தச் சிறு இடைவெளியில் இந்தக் கலவை அடைத்துக்கொண்டால், துளை வந்தாலும் ஒளி கடக்காது. உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் இரு முகங்களையும் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் ஆகியவற்றைத் தொடாதீர்கள்; அவை பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பால் சிந்திய ஊஞ்சல்களில் எறும்புகள் பெட்டிக்குள் குடியேறியிருப்பதும் உண்டு.

துடைத்தும் சரியாகவில்லை என்றால் அளந்து பார்க்கலாம். ஊஞ்சலுக்கு மின்சாரம் கொடுத்த நிலையில், எல்இடி கால்களுக்கிடையே ஏறத்தாழ 1.1 முதல் 1.3 வோல்ட் வரை இருக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் எல்இடிக்கு மின்சாரம் தரும் போர்டுகளும் உண்டு என்பதால், ஓடும் அந்தச் சில நொடிகளுக்குள்ளேயே அளந்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் அதற்கு மின்சாரம் வரவில்லை. ஏறக்குறைய முழு வோல்டேஜும் அங்கேயே நின்றால் எல்இடி எரிந்துவிட்டது. அடுத்து, மறு கையில் உள்ள டிரான்சிஸ்டரின் வெளியீட்டுக் காலில் மீட்டரை வைத்துக்கொண்டு, தட்டை விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். துளை கடக்கும்போதும் தட்டு மறைக்கும்போதும் அளவு மேலும் கீழும் தெளிவாகத் தாவ வேண்டும். தாவாமல் ஒரே இடத்தில் நின்றால் சென்சாரை மாற்றுங்கள். அதே கால் இடைவெளியும் அதே பிளவு அகலமும் உள்ளதாகப் பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்க வேண்டும். அளவு சரியாகத் தாவியும் போர்டு உணரவில்லை என்றால், சென்சாரிலிருந்து போர்டுக்கு வரும் ஒயர்களைச் சோதியுங்கள். ஊஞ்சலின் கை ஆடும்போதெல்லாம் மடங்கி நிமிரும் ஒயர், வெளியுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே அறுந்திருக்கும். மீட்டரை கன்டினியூட்டி நிலையில், அதாவது இணைப்பு அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒயரை வளைத்து நெளித்துக்கொண்டே பார்த்தால்தான் பீப் ஒலி விட்டுவிட்டு வருவது தெரியும்.

மூன்றாவது வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரின் இரு ஒயர்களையும் போர்டிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு ஏஏ செல்களால் 3 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சீராகச் சுழன்றால் மோட்டார் நல்லது. தண்டைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டு ஓம் அளவைப் பார்க்கும்போது, ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் அளவு மறைந்துபோனால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது. மாற்று மோட்டார் வாங்கும்போது வோல்டேஜ், உடலின் அளவு, தண்டின் தடிமன் மூன்றும் பொருந்த வேண்டும். இவற்றில் தண்டு பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் இருக்கும். பல்சக்கரத்தில் பல் உடைந்திருந்தால் பசை வைத்து ஒட்டுவதில் பயனில்லை.

மின்சாரம், சென்சார், மோட்டார் மூன்றும் சரியாக இருந்தும் மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை என்றால்தான் போர்டுக்கு வர வேண்டும். அங்கும் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டே உறுப்புகள். மோட்டாருக்கு இணையாக, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் ஒரு டையோடு இருக்கும். மோட்டார் அணையும் கணத்தில் எழும் எதிர் வோல்டேஜை அது வழிமாற்றி விடுகிறது. அது ஷார்ட் ஆனால் மோட்டார் ஓடாது, வோல்டேஜும் சரியும். அது திறந்துபோனால், அதாவது உள்ளே இணைப்பு அறுந்துபோனால், அந்த எதிர் வோல்டேஜ் அடுத்துள்ள டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும். டையோடை ஒரு காலைக் கழற்றி டையோடு நிலையில் அளந்தால், சாதாரண சிலிக்கான் வகை ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரையும், ஷாட்கி வகை 0.2 முதல் 0.3 வரையும் காட்டும். மறு திசையில் எதுவும் காட்டக்கூடாது. 1என்4007 இருந்த இடத்தில் 1என்5819 வைத்தால் இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம். அடுத்தது மோட்டாரை இயக்கும் டிரான்சிஸ்டர். எஸ்8050 போன்ற சிறிய என்பிஎன் வகை பல போர்டுகளில் இருக்கும். அது ஷார்ட் ஆனால் மோட்டார் முழு வேகத்தில் நிற்காமல் ஓடும். திறந்துபோனால் அசையவே அசையாது. இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் ஒன்று போனதற்கு மற்றது காரணமாக இருந்திருக்கலாம்.

இப்போது டைரக்ட் பண்ணுவதைப் பற்றி. அப்படிச் செய்தால் சென்சாரும் ஐசியும் கழன்றுபோய், அடாப்டரின் மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகும். ஊஞ்சல் ஆடும், கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால் வீச்சைக் கட்டுப்படுத்த எதுவும் இருக்காது. அதே மின்சாரத்தில் 5 கிலோ குழந்தையும் 9 கிலோ குழந்தையும் ஒரே உயரத்துக்குப் போவதில்லை. குழந்தையின் கை சிக்கி ஊஞ்சல் தடைப்பட்டாலும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரத்தில் தானே அணையும் வசதியும் போய்விடும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் போர்டைப் பொருத்துவதும் இதே கணக்குதான். வேகத்தைக் குறைக்கலாமே தவிர வீச்சை அதனால் பார்க்க முடியாது. உண்மையிலேயே ஐசி செத்துவிட்டால், அந்த ஊஞ்சலை மின்சாரமில்லாமல் கையால் ஆட்டிப் பயன்படுத்துங்கள், அல்லது கழித்துவிடுங்கள். குழந்தை அமரும் பொருளில் பாதுகாப்பு உறுப்பைத் தாண்டி ஒயர் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்கமாட்டேன்.

உதிரி உறுப்புகளுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கும் நரசிங்கபுரம் தெருவுக்கும் போனால் போதும். மேலே சொன்ன டையோடு, டிரான்சிஸ்டர், ஜாக், செல் ஹோல்டர், மின்தடை எல்லாம் அங்கே சில்லறையாகக் கிடைக்கும். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய உறுப்பைக் கையில் கொண்டுபோங்கள். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் போர்டையும் எடுத்துக்கொண்டு போய், எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று நீங்களே சொல்லிச் செய்து வாங்கலாம். வீட்டிலேயே செய்தால் 25 வாட் இரும்பு போதும். வழக்கமான சால்டர் கம்பியில் ஏறத்தாழ 40 சதவீதம் ஈயம் இருப்பதால், குழந்தை இல்லாத அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். உதிரும் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்து அப்புறப்படுத்திவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தொடுங்கள்.

சரிசெய்தவுடன் குழந்தையை அமர்த்திவிடாதீர்கள். 5 கிலோ அரிசிப் பையை இருக்கையில் வைத்துப் பட்டையால் கட்டி, ஒவ்வொரு வேகத்திலும் நெடுநேரம் ஓடவிடுங்கள். வேகத்தை மாற்றும்போது வீச்சு மாறுகிறதா, பையை மெல்லப் பிடித்து நிறுத்தினால் மோட்டார் தானே அணைகிறதா, டைமர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இடையிடையே அடாப்டரையும் மோட்டார் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடானால் ஏதோ இன்னும் சரியாகவில்லை. குழந்தையை அமர்த்திய பிறகும் பட்டை போடாமல் விடாதீர்கள், ஊஞ்சலில் தூங்கிவிட்டால் எடுத்துச் சமதளமான படுக்கையில் மல்லாந்து கிடத்துங்கள். சாய்ந்த இருக்கையில் தலை முன்னே கவிழ்ந்தால் கைக்குழந்தையின் மூச்சுக்குழல் எளிதில் அடைபடும்.

மாமியார் வீட்டுத் தூளி மோட்டாரைப் பொறுத்தவரை, என் பதில் வேறு. அடாப்டர் வைத்து 12 வோல்ட்டில் ஓடும் வகை என்றால் மேலே சொன்ன அடாப்டர் சோதனையும் மோட்டார் சோதனையும் அப்படியே பொருந்தும். ஆனால் 230 வோல்ட் ஒயரே நேராக மேலே தொங்கும் பெட்டிக்குள் போகிறது என்றால், அதை நீங்கள் திறக்க வேண்டாம். அத்தகைய பெட்டிகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. 225 என்று எண் பொறித்த ஒரு கெப்பாசிட்டர் வழியாகவே வோல்டேஜைக் குறைத்திருப்பார்கள். அதனால் போர்டின் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அது மெயின்ஸைத் தொடுவதற்குச் சமம், பிளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். ரிமோட்டை அழுத்தினால் டிக் என்று ஒலி வந்தும் ஆடாமல் இருப்பதற்கு, நாளடைவில் அந்தக் கெப்பாசிட்டரின் மதிப்பு குறைந்துபோவது அடிக்கடி காணும் காரணம். தெரிந்த எலக்ட்ரீசியனிடம் கொடுத்து, மெயின்ஸில் நேராக இணைப்பதற்கென்றே உள்ள எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டராகவே மாற்றச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், மின்சாரப் பகுதியைப் பார்த்த அதே கவனத்தோடு, ஸ்பிரிங்கையும் கூரைக் கொக்கியையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். தேய்மானமோ துருவோ தென்பட்டால் அவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.